யார் எங்கே நின்று எடுத்த படம்?

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியைத் தெரியாதவர்கள் குறைவு. போர் முடிந்து வீதி திறந்த பிறகு தெற்கிலிருந்து வந்த பேருந்துகள் அதன் முன்னால் நின்று போயின. இறங்கியவர்கள் அந்தக் கொங்கிரீட் குவியலின் முன்னால் படம் எடுத்தார்கள், திரும்ப ஏறினார்கள், அடுத்த இடத்துக்குப் போனார்கள். அதே தாங்கியிலிருந்து வந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒருவர் அதைப் படம் எடுத்தால் அது வேறு படமாக வரும். கமரா ஒன்றாக இருக்கலாம், வெயிலும் அதே வெயிலாக இருக்கலாம். நிற்கும் இடமும் நிற்கும் நேரமும் வேறு.

உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர்களில் யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்ற கேள்வியை வன்னியில் இருந்துகொண்டு யோசிக்கும்போது எனக்கு முதலில் வருவது இந்த வேறுபாடுதான். பாணி என்றதும் கறுப்பு வெள்ளையா வண்ணமா, எந்த லென்ஸ், எவ்வளவு நிழல் என்று பேசுவது வழக்கம். அவையும் முக்கியந்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் வேறு கேள்விகள் இருக்கின்றன. எடுப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? எவ்வளவு நேரம் நிற்கிறார்? படத்தில் வருகிறவருக்கு அதில் ஏதாவது சொல்ல உரிமை இருக்கிறதா? 2008 செப்டெம்பரில் ஐ.நா.வும் உதவி நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. சுயாதீன ஊடகவியலாளர்களாலும் உள்ளே வர முடியவில்லை. அந்தக் கடைசி மாதங்களை உள்ளே நின்று எடுத்தவர்கள் மிகச் சிலர். கவிஞர் அமரதாஸ் அவர்களில் ஒருவர். பிறகு செட்டிகுளம் மனிக்பாம் முகாமின் முள்கம்பிக்கு வெளியே நின்று எடுத்த படங்கள் உலகமெல்லாம் போயின. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் பெயர்கள் அந்தப் படங்களோடு போகவில்லை. இதைப் பார்த்தவர்களுக்குப் பாணி என்பது வெறும் அழகியல் விடயமாக இருக்க முடியாது.

கமரா பழகத் தொடங்கும் எவருக்கும் முதலில் காதில் விழும் பெயர் ஒன்றி கார்த்தியே-பிரெஸோன். பிரான்ஸைச் சேர்ந்தவர், 1908இல் பிறந்து 2004இல் மறைந்தவர். சின்ன லைக்கா கமரா, பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று. பிளாஷ் பாவிக்க மாட்டார். கமராவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு ரேப்பால் மூடிவிடுவார், ஆட்கள் கவனிக்காமல் இருப்பதற்காக. 1932இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்னால் தேங்கிய தண்ணீரை ஒருவர் பாய்ந்து கடக்கும் படம் எல்லோருக்கும் தெரிந்தது: குதிக்கால் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு நொடிகூட இல்லை. அவர் படங்களைப் பார்க்கிறவர்கள் அந்த நொடியைத்தான் வியக்கிறார்கள். நான் வியப்பது அந்த நொடிக்கு முன்னால் அவர் செய்த வேலையை. படிக்கட்டு, கைபிடி, சுவரின் நிழல் என்று கோடுகள் ஒழுங்காக அமையும் இடத்தை முதலில் கண்டுபிடித்து, அங்கே ஆள் வந்து சேரும்வரை பல படங்களுக்குக் காத்திருந்தார். சட்டகம் முதல், மனிதர் பிறகு.

தமிழ் நிலத்தோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. 1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் கமராவோடு இருந்தார். அதற்கு முன் 1948 ஜனவரியில் காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்து, பிறகு இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார். கூட்டத்துக்குள் ஆளோடு ஆளாகக் கரைந்து நிற்பது அவருடைய பலம். ஆனால் அந்தப் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டு புதுக்குடியிருப்புச் சந்தைக்குள் இறங்க எனக்கு மனம் வராது. தெரியாமல் எடுப்பது பாரிஸ் தெருவில் ஒரு பொருள் தரும். பல ஆண்டுகள் தங்களை யார் எதற்காகப் படம் எடுக்கிறார்கள் என்று பயந்து வாழ்ந்த ஊரில் வேறு பொருள் தரும். அவருடைய கோடுகளையும் பொறுமையையும் கற்றுக்கொள்ளலாம். ஒளிந்து நிற்பதை விட்டுவிடலாம்.

நெருக்கமான கூட்டத்தை எடுக்க இன்னொரு வழியைக் காட்டியவர் ரகு ராய். 1942இல் இப்போது பாகிஸ்தானில் உள்ள ஜங் என்ற ஊரில் பிறந்தவர். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை கடந்து வந்த அகதிகளை எடுத்தார். 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரை மக்னம் என்ற ஒளிப்படக் கலைஞர்களின் அமைப்புக்கு 1977இல் முன்மொழிந்தவர் கார்த்தியே-பிரெஸோனே. ஆனால் இருவருடைய சட்டகமும் ஒன்றல்ல. கார்த்தியே-பிரெஸோன் படத்தில் ஒரு விடயம் நடக்கும், மற்றதெல்லாம் அதற்கு இடம் விடும். ரகு ராயின் அகலப் படங்களில் ஒரே நேரத்தில் நான்கைந்து விடயங்கள் நடக்கும். முன்னால் ஒரு மாடு, நடுவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு, ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரியும் ஒரு பிள்ளை. எது முக்கியம் என்று அவர் சொல்வதில்லை.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். காவடி ஒரு பக்கம், பொங்கல் பானைகள் ஒரு பக்கம், களைத்துப்போய் மர நிழலில் படுத்திருக்கும் ஆச்சிமார் ஒரு பக்கம். இதில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்தால் கோயில் போய்விடும், படம் மட்டும் மிஞ்சும். ரகு ராய் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் இந்த நெரிசலை அவர் ஒழுங்குபடுத்த முயலாததுதான். ஆனால் அவர் எடுத்தவற்றிலேயே ஆட்கள் மறக்காத படம் நெரிசல் இல்லாதது. 1984 போபால் நச்சுவாயுவுக்குப் பிறகு புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகமும், மண்ணை விலக்கும் ஒரு கையும். அந்தக் குழந்தை யாரென்று எவருக்கும் தெரியாது.

பெயர் தெரியாத முகங்கள் என்ற விடயத்துக்கு இலங்கையிலேயே பழைய சாட்சி ஒன்று உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 48 வயதில் பரிசாகக் கிடைத்த ஒரு கமராவோடு தொடங்கி, ஒளிப்பட வரலாற்றின் மிகப் பெரிய முகப்படக் கலைஞர்களில் ஒருவர் ஆனார். முகத்துக்கு மிக அருகில் போவார், ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் வைப்பார், துல்லியமான குவியம் வேண்டும் என்று கவலைப்பட மாட்டார். அந்தக் காலத்து ஆட்கள் அதைக் குறை என்றார்கள். இன்று பார்த்தால் அந்த மங்கல்தான் முகத்துக்கு உயிர் தருகிறது. மூச்சு விடுகிற ஆள் ஒருவர் நீண்ட நேரம் கமராவுக்கு முன் இருந்தார் என்பது அதில் தெரிகிறது. 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்தார், களுத்துறையில் படங்கள் எடுத்தார், 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர் டெனிசன், விஞ்ஞானிகளான டார்வின், ஹேர்ஷல் எல்லோரும் பெயரோடு இருக்கிறார்கள். இலங்கையில் எடுத்தவர்கள் ‘களுத்துறைக் குடியானவர்கள்’, ‘இலங்கைப் பெண்’ என்ற அளவில்தான் இருக்கிறார்கள். அந்த முகங்களை நான் நீண்ட நேரம் பார்த்திருக்கிறேன். அருகில் போவது மட்டும் நெருக்கம் ஆகாது என்று அவைதான் எனக்குக் காட்டின.

டொரதியா லாங்கின் கதை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 1936 மார்ச்சில், அமெரிக்கப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், அரச நிறுவனம் ஒன்றுக்காகப் படம் எடுத்துவிட்டுக் கலிபோர்னியாவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் என்ற பலகையைக் கடந்து 20 மைல் போனபின், மனம் கேளாமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஒரு தாயும் பிள்ளைகளும். சில படங்கள்தான் எடுத்தார், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கிட்டப் போனார். கடைசிப் படத்தில் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள், தாயின் கை கன்னத்தில், பார்வை எங்கோ. சுற்றுப்புறம் ஏறக்குறைய எதுவும் இல்லை. எந்த இடம் என்று தெரியாது. பின்னணியை எல்லாம் நீக்கிவிட்டு முகத்திலும் கையிலும் முழுப் பாரத்தையும் வைப்பதுதான் லாங்கின் கலை. சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் தாங்கித் தாங்கி நடப்பவர். அந்த நடை தனக்கு உதவியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

படம் பத்திரிகையில் வந்தது, அரசு முகாமுக்கு உணவு அனுப்பியது. சரி, நல்லது நடந்தது. ஆனால் அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்று உலகம் அறிந்தது 1978இல். தன் முகத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவர் கசப்போடு சொன்னார். ஸ்டீவ் மக்கறி 1984இல் எடுத்த ஆப்கான் சிறுமியின் கதையும் ஏறக்குறைய இதுதான். சிவப்புத் துணி, பச்சைக் கண், பச்சைப் பின்னணி என்று வண்ணத்தை அவ்வளவு கச்சிதமாக வைத்த படம் அது. அந்தப் பிள்ளை சர்பத் குலா என்பது 2002இல்தான் தெரியவந்தது. மக்கறியின் வண்ணங்கள் இப்போது நம்முடைய கலியாண அல்பங்கள்வரை வந்துவிட்டன, அதில் தப்பில்லை. ஆனால் அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. லாங்கின் படத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன், மக்கறியின் படத்துக்குப் போவதில்லை.

செபஸ்தியாவோ சல்காதோ விடயம் சிக்கலானது. பிரேசிலில் 1944இல் பிறந்தவர். பொருளாதாரம் படித்து, சர்வதேசக் கோப்பி அமைப்பில் வேலை பார்த்து, ஆபிரிக்காவுக்கு வேலையாகப் போனபோது அறிக்கை எழுதுவதை விடப் படம் எடுப்பது பிடித்துப்போய் 1973இல் அந்த வேலையை விட்டவர். 1986இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மலையளவு பெரிய குழி, ஏணிகளில் மண்மூட்டை சுமந்து ஏறும் ஆட்கள். சுமார் 50 ஆயிரம் பேர் அங்கே வேலை செய்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அசையும் மண்போல இருக்கும். கிட்டப் போன படத்தில் ஒரு தொழிலாளி ஆயுதம் வைத்திருக்கும் காவலரின் துப்பாக்கியைக் கையால் பிடித்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்கிறார்.

சல்காதோவின் வெளிச்சம் பெரும்பாலும் ஆட்களின் பின்னாலிருந்து வரும். வெயிலைப் பார்த்துக்கொண்டு படம் எடுக்காதே என்று பழைய ஸ்ரூடியோக்காரர்கள் சொல்லித் தருவார்கள். அவர் அதைத்தான் செய்தார். தூசி, புகை, மழை எல்லாம் ஒளிரும், மனிதர்கள் அதன் நடுவில் சிற்பம்போல எழுந்து நிற்பார்கள். இதுதான் அவரைப் பற்றிய குற்றச்சாட்டுக்கும் காரணம். பசியையும் துயரத்தையும் அழகாக்குகிறார் என்றார்கள். இடம்பெயர்ந்தவர்களை எடுத்த படங்களில் அவர்கள் பெயர்கள் இல்லை என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக் எழுதினார். இரண்டாவது குற்றச்சாட்டு சரியானது என்றே நினைக்கிறேன். முதலாவதோடு எனக்கு உடன்பாடு இல்லை. துன்பப்படுகிறவர் அசிங்கமாகத்தான் தெரிய வேண்டும் என்று யார் விதித்தது? இடம்பெயர்ந்து போகும்போதும் எங்கள் அம்மாமார் தலை வாரிக்கொண்டுதான் போனார்கள். அந்தக் கௌரவத்தைப் பார்க்கத் தெரிந்த கண் சல்காதோவுடையது. அதோடு அவர் வந்துவிட்டு உடனே போகிறவர் அல்லர். ஒவ்வொரு தொகுப்புக்கும் பல ஆண்டுகள் செலவழித்தார். 1980களின் நடுவில் ஆபிரிக்காவின் சகேல் பகுதி வறட்சியை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு சேர்ந்து நின்று எடுத்தார். 1998இல் மனைவி லெலியாவோடு சேர்ந்து, அழிந்துபோன சொந்த நிலத்தில் மறுபடி காடு வளர்க்கத் தொடங்கினார். 2025 மே மாதம் பாரிஸில் இறந்தார்.

வேலை செய்யும் கைகளை அவர் எடுத்த விதத்தைப் பார்க்கும்போது எனக்கு முகமாலை ஞாபகம் வரும். அங்கே பல ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றுகிறவர்களில் கணிசமானோர் பெண்கள். கவச உடையும் முகக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வெயிலில் முழந்தாளில் இருந்து, நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தேடுகிறார்கள். அவர்களைப் பற்றிய செய்திப் படங்கள் நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் முகக் கண்ணாடியில் வானம் பிரதிபலிக்கிறது, உள்ளே யார் என்று தெரியாது. சல்காதோவைப்போலப் பின்வெளிச்சத்தில் எடுத்தால் படம் பிரமாதமாக வரும், முகம் இன்னும் இருட்டாகப் போகும். இங்கே அவருடைய பாணி போதாது. வேலை முடிந்து கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஒரு படம், அதன்கீழ் அவர் விரும்பினால் ஒரு பெயர். அதற்கு அனுமதி வாங்க வேண்டும், காத்திருக்க வேண்டும், இரண்டாம் தடவை போக வேண்டும்.

இதையெல்லாம் கடந்து எனக்கு மிகப் பிடித்தவர் ஒரு ஸ்ரூடியோக்காரர். செய்து கெய்த்தா, மேற்கு ஆபிரிக்காவின் மாலியைச் சேர்ந்தவர். தச்சு வேலை பழகியவர். சிறு வயதில் மாமா ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சின்னக் கொடாக் கமராவோடு தொடங்கி, 1948இல் தலைநகர் பமாக்கோவில் சொந்தமாக ஸ்ரூடியோ போட்டார். வீட்டு முற்றந்தான் ஸ்ரூடியோ. பின்னால் ஒரு பூப்போட்ட துணி. முதல் சில ஆண்டுகள் அது அவருடைய சொந்தக் கட்டில் விரிப்பு. வெளிச்சம் பெரும்பாலும் பகல் வெளிச்சம். பெரிய பிலிம், விலை கூட, ஆகவே ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான் அமுக்குவார். அந்த ஒரு தடவைக்காக முன்கூட்டியே எல்லாவற்றையும் சரிசெய்வார்: தோளைச் சற்றே திருப்பி, கையை மடியில் இப்படி வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து.

வருகிறவர்கள் சுவரில் தொங்கும் மாதிரிப் படங்களைப் பார்த்து எப்படி இருக்க வேண்டும் என்று தெரிவு செய்வார்கள். கைக்கடிகாரம், பேனா, வானொலி, ஸ்கூட்டர் என்று அவரிடம் பொருள்கள் இருந்தன, கேட்டால் கொடுப்பார். இல்லாத ஒன்றை இருப்பதுபோலக் காட்டுவது பொய் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது பொய்யாகப் படவில்லை. அந்த மனிதர் தன்னை எப்படிப் பார்க்கிறாரோ, எப்படி ஆக விரும்புகிறாரோ, அது அங்கே இருக்கிறது. உடுப்பின் கோலமும் பின்துணியின் கோலமும் ஒன்றோடொன்று மோத, நடுவில் முகமும் கைகளும் மட்டும் அமைதியாகத் தெரியும். உலகம் இந்தப் படங்களைக் கண்டது மிகவும் பிந்தி. 1991இல் நியூயோர்க்கில் ஒரு கண்காட்சியில் வைத்தபோது எடுத்தவர் பெயர் தெரியாது என்றே போட்டிருந்தார்கள். பிறகு தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். பாரிஸில் 1994இல் கண்காட்சி நடந்தது, பெரிய பெரிய அச்சுகள் போட்டார்கள். பமாக்கோவில் அவர் கொடுத்தது உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் அளவு அச்சு. அது முதலில் போனது படத்தில் இருந்தவர்களின் வீட்டுக்கு.

வன்னியில் வளர்ந்தவர்களுக்குக் கெய்த்தாவின் முற்றம் அந்நியமாக இருக்காது. மல்லாவியிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இருந்த பழைய ஸ்ரூடியோக்களில் தீட்டிய திரை, பிளாஸ்ரிக் பூச்சாடி, சுவரில் ஒரு கண்ணாடியும் சீப்பும் பவுடரும். சாமத்தியவீட்டுக்குப் பிறகு ஒரு படம், கலியாணம் முடிந்த கிழமை ஒரு படம், அடையாள அட்டைக்கு ஒரு படம். நேரே பார்த்து, சிரிக்காமல். கலைப் புத்தகம் எதிலும் இவற்றைப் பற்றி ஒரு வரி வராது. ஆனால் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன்னால் போராட்டத்தைத் தொடங்கியபோது கையில் ஏந்தியிருந்தவை பெரும்பாலும் இப்படிப்பட்ட படங்கள்தான். பெருப்பித்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, வருடக்கணக்காக ஏந்திய படங்கள். வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் தாய்மாரை எடுத்தார்கள். தாய்மார் கையில் இருந்ததை எடுத்தவர் ஒரு சின்ன ஊர் ஸ்ரூடியோக்காரர். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஆளை அடையாளம் காண வேண்டும் என்ற அவருடைய எளிய விதி இல்லாவிட்டால் இன்று காட்ட ஒரு முகமும் இருந்திராது.

2009இல் பல குடும்பங்கள் அல்பத்தையும் விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தன. பிறகு ஸ்ரூடியோக்களுக்கு வந்த வேலையில் இதுவும் ஒன்று: அடையாள அட்டையில் உள்ள சின்னப் படத்தை, அல்லது யாரோ ஒரு சொந்தக்காரர் கனடாவில் வைத்திருந்த கலியாணப் படத்தின் ஓரத்தில் நின்ற ஒருவரை, வெட்டி எடுத்துப் பெருப்பித்து, பின்னணி போட்டுக் கொடுப்பது. கணினியில் இருந்து அதைச் செய்கிற பிள்ளைகளின் வேலையை நான் மதிக்கிறேன். சட்டையின் கழுத்தைச் சரியாக்குகிறார்கள், கண்ணைத் தொடுவதில்லை.

இங்கே இப்போது கமரா வாங்கும் இளைஞர்கள் ட்ரோனையும் பெரிய லென்ஸையும்தான் முதலில் கேட்கிறார்கள். இரணைமடுக் குளத்தை மேலிருந்து எடுத்தால் அழகுதான். ஆனால் கெய்த்தாவிடம் இருந்தவை நம் எல்லோரிடமும் இருக்கின்றன. வன்னியில் பத்து மணிக்குப் பிறகு வெயில் நேரே இறங்கிக் கண்குழியைக் கறுப்பாக்கிவிடும், ஆகவே காலையிலேயே போங்கள். முன்விறாந்தை நிழல் போதும், அங்கே வெளிச்சம் முற்றத்து மணலில் பட்டு மெதுவாக முகத்துக்கு வரும். பின்னால் கட்ட வீட்டிலேயே ஒரு சேலை கேளுங்கள், எந்தச் சேலை என்பதை அவர்களே சொல்லட்டும். கதிரையில் இருப்பதா நிற்பதா, பேரப்பிள்ளையை மடியில் வைப்பதா வேண்டாமா என்பதையும் கேளுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்தாலும் பரவாயில்லை. எடுத்ததை அச்சுப்போட்டு, பின்பக்கம் பெயரும் ஊரும் திகதியும் பென்சிலால் எழுதி, அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.